கலிப்போலி தீபகற்பம்: நிலமும் போரும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் ஞாயிறு காலையில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களோடு உட்கார்ந்து உலக வரலாறு பேசுகிறேன். முதல் உலகப் போர் வந்தாலே கலிப்போலியில் வண்டி நின்றுவிடும். ஒவ்வொரு அணியும் அதே சந்தேகங்களைக் கேட்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோரும், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த பெரியவர்களும்கூடக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். படிக்கும்போது பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தால் நல்லது.

தீபகற்பம்னா தீவு மாதிரிதானே சார்? கலிப்போலி எங்க இருக்கு?

தீவுக்கு நான்கு பக்கமும் தண்ணீர். தீபகற்பத்துக்கு மூன்று பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நிலத்தோடு ஒட்டு. அந்த ஒட்டு எவ்வளவு அகலம் என்பதுதான் படைக்காரர்கள் முதலில் பார்ப்பது. கலிப்போலியில் அது போலாயிர் என்ற ஊருக்குப் பக்கத்தில் சுமார் 5 கிலோமீட்டராகச் சுருங்குகிறது. இதைக் ‘கழுத்து’ என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இடம், துருக்கியின் ஐரோப்பியப் பகுதி. வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீட்டிய விரல் போல இருக்கும். நீளம் சுமார் 80 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறங்கினால் ஏறக்குறைய அந்தத் தூரம் வரும். விரலின் ஒரு பக்கம் ஏஜியன் கடல். மறுபக்கம் டார்டனெல்ஸ் நீரிணை, அதற்கு அப்பால் ஆசியக் கரை. துருக்கியர்கள் இந்தத் தீபகற்பத்தை கெலிபோலு என்பார்கள், 1915 போரை எதிர்க்கரை ஊரின் பெயரால் சானக்கலே போர் என்பார்கள். கலிப்போலி என்ற பெயர் ‘அழகிய நகரம்’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இத்தாலியிலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு வாய்க்கால் அளவு தண்ணிக்கா இவ்வளவு சண்டை?

வாய்க்கால்தான், ஆனால் அதன் மறுமுனையில் ஒரு முழுக் கடல் இருக்கிறது. டார்டனெல்ஸ் சுமார் 61 கிலோமீட்டர் நீளம். சானக்கலேக்கும் எதிரே உள்ள கிலித்பஹிருக்கும் நடுவில் அதன் அகலம் வெறும் 1.2 கிலோமீட்டர் அளவுதான். அதைக் கடந்தால் மர்மரா கடல், அடுத்து இஸ்தான்புல், அடுத்து பாஸ்பரஸ், கடைசியாகக் கருங்கடல். கருங்கடல் துறைமுகங்களிலிருந்து ரஷ்யாவின் கோதுமை வெளியே வருவதற்கும், வெளியிலிருந்து ஆயுதம் உள்ளே போவதற்கும் கடல்வழியாக இது ஒன்றே பாதை. கிலித்பஹிர் என்ற பெயருக்கே ‘கடலின் பூட்டு’ என்று பொருள் சொல்வார்கள். கான்ஸ்டான்டினோப்பிளைப் பிடித்த இரண்டாம் மெஹ்மத் அங்கே ஒரு கோட்டையும், எதிர்க்கரையில் அதற்கு ஜோடியாக இன்னொரு கோட்டையும் கட்டினார்.

ஒகேனக்கல்லில் அகலமாக வரும் காவிரி பாறைகளுக்கு நடுவில் நெருங்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். பரிசல்காரர் அந்த இடத்தில் எவ்வளவு கவனமாகத் துடுப்புப் போடுவார்! டார்டனெல்ஸும் அப்படித்தான். மேல்மட்ட நீர் மர்மராவிலிருந்து ஏஜியன் பக்கம் வேகமாக ஓடும், அடியில் உப்பு அதிகமான நீர் எதிர்த்திசையில் போகும். உள்ளே நுழையும் கப்பல் நீரோட்டத்தை எதிர்த்தே போக வேண்டும், இரண்டு கரைகளின் பீரங்கிகளுக்கும் நடுவில்.

1915-க்கு முன்னாடி அங்க ஒண்ணும் நடக்கலையா?

நிறைய நடந்திருக்கிறது. கி.மு. 480-இல் பாரசீக மன்னர் செர்க்சஸ் படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டு ஆசியாவிலிருந்து இந்தக் கரைக்குப் படையைக் கொண்டுவந்தார். முதல் பாலத்தைப் புயல் பிய்த்துப் போட்டது, கோபத்தில் கடலுக்கு முந்நூறு சவுக்கடி கொடுக்கச் சொன்னார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். கி.மு. 405-இல் இதே நீரிணையின் ஏகாஸ்பொடாமி கரையில் ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் ஏதென்ஸ் கப்பற்படையை அழித்தார். கருங்கடல் தானியம் நின்றுபோன ஏதென்ஸ் அடுத்த ஆண்டே பணிந்தது. கி.மு. 334-இல் அலெக்சாந்தர் எதிர்த்திசையில், ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு, இங்கேதான் கடந்தார்.

கி.பி. 1354-இல் ஒரு நிலநடுக்கத்தில் கலிப்போலி நகரின் மதில்கள் இடிந்தன. பக்கத்திலிருந்த ஒட்டோமான் துருக்கியர்கள் உள்ளே புகுந்து தங்கிவிட்டார்கள். ஐரோப்பாவில் அவர்களுடைய முதல் நிலையான காலடி அது. தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எம்டன் பேரு நமக்குத் தெரியும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் இதைக் கேட்கும் பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்ட ஜெர்மன் கப்பல் எம்டன். அதற்கு ஆறு வாரம் முன்னால், கோபென், பிரெஸ்லா என்ற வேறு இரண்டு ஜெர்மன் கப்பல்கள் மத்தியதரைக் கடலில் ஆங்கிலேயரிடம் சிக்காமல் ஓடி டார்டனெல்ஸுக்குள் நுழைந்தன. துருக்கி அவற்றை வாங்கியதாக அறிவித்தது. மாலுமிகள் அதே ஜெர்மானியர்கள், தலையில் மட்டும் துருக்கித் தொப்பி. அக்டோபர் கடைசியில் அந்தக் கப்பல்களும் துருக்கிக் கப்பல்களும் கருங்கடலில் ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்கின, துருக்கி போருக்குள் வந்தது. நீரிணை அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கூட்டாளியான ரஷ்யா மூச்சுத் திணறியது.

கப்பற்படைதான் அவ்வளவு பெருசாச்சே, நேரா உள்ள போயிருக்க வேண்டியதுதானே?

முதலில் அதைத்தான் செய்தார்கள். அப்போது பிரிட்டிஷ் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில், கப்பல்களை வைத்தே நீரிணையைத் திறக்கலாம் என்று வற்புறுத்தினார். 1915 பிப்ரவரி 19-இல் கரைக்கோட்டைகளைச் சுடத் தொடங்கினார்கள். கோட்டைகள் சேதமானாலும் கடலுக்கடியில் பத்து வரிசை கண்ணிவெடிகள் இருந்தன. அவற்றை அகற்றப் பெரும்பாலும் மீன்பிடிப் படகுகளைத்தான் பயன்படுத்தினார்கள். எதிர்நீரோட்டத்தில் அவை நகருவதே கஷ்டம், கரையிலிருந்து பீரங்கி வேறு. கண்ணியை எடுக்கக் கரைப் பீரங்கியை அடக்க வேண்டும், பீரங்கியை அடக்கப் பெரிய கப்பல் கிட்டே வர வேண்டும், கிட்டே வரக் கண்ணியை எடுத்திருக்க வேண்டும். இந்த முடிச்சை அவர்களால் அவிழ்க்கவே முடியவில்லை.

மார்ச் 8-ஆம் தேதி நுஸ்ரத் என்ற சின்னத் துருக்கிக் கப்பல் எரென்கோய் விரிகுடாவில் 26 கண்ணிவெடிகளைக் கரைக்கு இணையாகப் போட்டுவிட்டு வந்தது. எதிரிக் கப்பல்கள் சுட்டுவிட்டுத் திரும்பும்போது எந்த வளைவில் திரும்புகின்றன என்று பார்த்து வைத்துப் போட்ட இடம் அது. மார்ச் 18-இல் பெரும் தாக்குதல் நடந்தது. பிரான்சின் பூவே கண்ணியில் மோதிச் சில நிமிடங்களில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. பிரிட்டனின் இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் இரண்டும் போயின. இன்னும் மூன்று பெரிய கப்பல்களுக்குப் பலத்த அடி. அதன்பிறகுதான் கரையில் படையை இறக்கித் தீபகற்பத்தையே பிடிப்பது என்று முடிவானது.

தப்பான கரையில இறங்கினதாலதான் தோத்தாங்களாமே?

பாதி உண்மை. ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை, அதாவது ‘ஆன்சாக்’, திட்டமிட்ட இடத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் போல வடக்கே, அரி புர்னு முனைப் பக்கம் இறங்கியது. கரையிலிருந்து உடனே செங்குத்தான சரிவும் கிழிந்த பள்ளங்களும். அதே நாளில் பிரிட்டிஷ் 29-ஆம் டிவிஷன் தெற்கு முனையான ஹெல்லஸில் ஐந்து இடங்களில் இறங்கியது. அங்கே இடம் தப்பவில்லை, ஆனால் ‘வி’ கரையில் ரிவர் கிளைடு என்ற சரக்குக் கப்பலைக் கரைதட்ட வைத்து, அதிலிருந்து இறங்கியவர்கள் சில நூறு துருக்கியர்களின் துப்பாக்கிக்கு வரிசையாக விழுந்தார்கள். ‘ஒய்’ கரையில் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியவர்கள், உள்ளே முன்னேறு என்ற கட்டளை வராமல் மறுநாள் திரும்பக் கப்பலேறினார்கள்.

ஆகவே கரை மட்டும் காரணம் இல்லை. இறங்கிய பிறகு யார் முதலில் மேட்டுக்குப் போனார்கள் என்பதுதான் கேள்வி. அன்று காலை, ரிசர்வில் இருந்த 19-ஆம் டிவிஷனின் தளபதி முஸ்தபா கெமால் சத்தம் கேட்டதும் மேலிடத்தின் கட்டளைக்குக் காத்திராமல் 57-ஆம் ரெஜிமெண்டை முகட்டுக்கு நடத்திப் போனார். தோட்டா தீர்ந்து இறங்கி ஓடிவந்த வீரர்களைத் தடுத்து, கத்தியைத் துப்பாக்கியில் செருகிப் படுக்கச் சொன்னார். அவர்கள் படுத்ததைப் பார்த்து எதிரே வந்தவர்களும் படுத்தார்கள். அந்தச் சில நிமிடங்களில் ரெஜிமெண்ட் வந்து சேர்ந்தது.

கழுத்துலயே வெட்டியிருந்தா மொத்தப் படையும் மாட்டியிருக்குமே?

போலாயிர் கழுத்தைச் சொல்கிறீர்கள். வரைபடத்தைப் பார்த்தால் எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. துருக்கிப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெர்மானியர் லிமான் பான் சாண்டர்ஸுக்கும் அதே பயம்தான், அதனால் தன்னிடமிருந்த ஆறு டிவிஷன்களில் இரண்டை அந்தப் பக்கமே வைத்திருந்தார். அங்கே கிரிமியப் போர்க் காலத்தில் பிரிட்டனும் பிரான்சும் கட்டிய அரண் வரிசை ஏற்கெனவே இருந்தது. அங்கே இறங்கும் படைக்கு முன்னும் பின்னும் எதிரி இருப்பான். தீபகற்பத்துக்கு உணவும் வெடிமருந்தும் மர்மரா கடல் வழியாகக் கப்பலிலும் வந்துகொண்டிருந்ததால் கழுத்தை வெட்டினாலும் உயிர் உடனே போயிருக்காது. பிரிட்டிஷ் தளபதி ஹாமில்டன் அங்கே இறங்குவதுபோலப் போக்குக் காட்ட மட்டும் செய்தார். அந்தப் போக்குக் காட்டல் லிமானை ஒரு நாளுக்கு மேல் அங்கேயே கட்டிப்போட்டது. அதுவரை பலன்தான்.

மேடு மேடுன்னு சொல்றீங்க, அது என்ன இமயமலையா? ஏன் பிடிக்க முடியல?

உயரம் பெரிதில்லை. தெற்கே அச்சி பாபா 216 மீட்டர் போல. ஆன்சாக் பக்கத்தில் சரி பாயிர் முகடு, அதன் உச்சி சுமார் 300 மீட்டர், அதற்குச் சற்றுக் கீழே சுனுக் பாயிர். ஆனால் உயரத்தை நம்பர் வைத்து அளக்கக் கூடாது. உங்களுக்குத் தெரிந்த மலையை வைத்துச் சொல்கிறேன். நம் ஊர் மலைக்கோட்டைக்கு ஏறியிருக்கிறீர்கள். கீழிருந்து பார்த்தால் இதோ என்று இருக்கும். 1791 நவம்பரில் திப்புவோடு நடந்த போரில் கர்னல் மாக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை கிருஷ்ணகிரிப் பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்துவிட்டது. மேல்கோட்டைக்கு ஏணியோடு ஏறப் போனபோது மேலிருந்து கற்களை உருட்டித் தள்ளினார்கள். ஏணிகள் நொறுங்கின, ஆட்கள் விழுந்தார்கள், படை திரும்பிப் போனது. மேல்கோட்டை அவர்கள் கைக்கு வந்தது 1792 உடன்படிக்கையில் நம் பகுதியான பாரமகால் கைமாறியபோதுதான். சுனுக் பாயிரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஹெல்லஸில் ஏப்ரல் 28, மே 6 முதல் 8, ஜூன் 4 என்று கிரித்தியா கிராமத்தை நோக்கி மூன்று முறை மோதினார்கள். அச்சி பாபா முதல் நாள் இலக்கு, கடைசி நாள் வரை கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 6 இரவு கடைசிப் பெருமுயற்சி. லோன் பைன் என்ற இடத்தில் ஆஸ்திரேலியர்கள் எதிரியின் கவனத்தைத் திருப்ப, வேறு படைகள் இருட்டில் பள்ளங்கள் வழியே சரி பாயிருக்கு ஏற, வடக்கே சுவ்லா விரிகுடாவில் புதிய படை இறங்கியது. 8-ஆம் தேதி விடியலில் நியூசிலாந்தின் வெலிங்டன் பட்டாலியன் சுனுக் பாயிரில் நின்றது. 10-ஆம் தேதி காலை கெமால் நடத்திய எதிர்த்தாக்குதலில் அது போயிற்று. சுவ்லாவில் இறங்கியவர்களுக்கு எதிரே அப்போது கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். ஆனால் தளபதிகள் பீரங்கி வரட்டும், தண்ணீர் வரட்டும் என்று கரையிலேயே இரண்டு நாள் நிற்க, மேட்டில் துருக்கிப் படை வந்து உட்கார்ந்தது. என் கணக்கில் அந்த இரண்டு நாள்தான் போரின் கடைசி வாய்ப்பு.

தம்பி, இந்தப் போருக்கு நம்ம ஆளுங்க போனாங்களா? யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க.

பட்டாளத்தில் இருந்த ஒரு பெரியவர் கேட்டது. போனார்கள் ஐயா. பதினைந்தாயிரம் இந்தியர்கள் போல அங்கே இருந்தார்கள், ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. 29-ஆம் இந்தியக் காலாட்படை பிரிகேடில் 14-ஆம் சீக்கியர், 6-ஆம் கூர்க்கா, 69, 89-ஆம் பஞ்சாபிகள் இருந்தனர். துருக்கியும் இஸ்லாமிய நாடு, அதன் சுல்தான்தான் கலீபா, அதாவது முஸ்லிம்களின் சமயத் தலைவர். எனவே முஸ்லிம் வீரர்கள் அதிகமுள்ள இரண்டு பஞ்சாபிப் பட்டாலியன்களையும் திரும்ப அழைத்துக்கொண்டு, பின்னர் வேறு கூர்க்காக்களை அனுப்பினார்கள். ஆனால் மலைப்பீரங்கிப் படையிலும் கோவேறு கழுதைப் படையிலும் பஞ்சாபி முஸ்லிம்கள் கடைசி வரை இருந்து கடமை செய்தார்கள்.

ஜூன் 4, மூன்றாம் கிரித்தியாச் சண்டையில் ஒரு பள்ளத்தாக்கின் வழியே முன்னேறிய 14-ஆம் சீக்கியர் பட்டாலியன் ஒரே நாளில் தன் பெரும்பகுதி ஆட்களை இழந்தது. ஆகஸ்ட் 9 காலையில் 6-ஆம் கூர்க்காக்கள் மேஜர் ஆலன்சன் தலைமையில் சுனுக் பாயிருக்கு வடக்கே முகட்டை எட்டினார்கள். கீழே டார்டனெல்ஸ் நீர் கண்ணுக்குத் தெரிந்தது. எந்த நீருக்காக இத்தனையும் நடந்ததோ, அதைப் பார்க்கும் முகட்டைப் பிடித்தவர்கள் அவர்கள். சற்று நேரத்தில் தங்கள் பக்கத்துப் பீரங்கிக் குண்டுகளே அவர்கள்மேல் விழுந்தன, இறங்க வேண்டியதாயிற்று. அந்தக் குண்டுகள் கப்பலிலிருந்து வந்தனவா, கரையிலிருந்தா என்று இன்றும் வாதம் நடக்கிறது.

கோவேறு கழுதைக்காரர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்வரிசைக்குத் தண்ணீர், ரொட்டி, தோட்டா போனது அவர்கள் கையால்தான். ஆன்சாக் வீரர்கள் அவர்களிடம் சப்பாத்தி வாங்கித் தின்றார்கள், நட்பாக இருந்தார்கள். மெட்ராஸ் படைகளைக் கேட்டால், மெட்ராஸ் சாப்பர்கள், அதாவது படைப் பொறியாளர்கள், அந்த உலகப் போரில் துருக்கியரோடு மோதியது மெசப்பொத்தேமியாவில், இன்றைய இராக்கில்.

குண்டைவிட வியாதிதான் அதிகம் கொன்னுச்சுன்னு படிச்சேன், உண்மையா?

பிரிட்டிஷ் தரப்பில் சண்டையில் இறந்தவர்களே அதிகம். ஆனால் படையைப் படுக்கவைத்தது வியாதி. வயிற்றுப்போக்கும் டைபாய்டும் கோடையில் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றின. புதைக்காத பிணங்கள், மூடாத கழிப்பிடக் குழிகள், ஈ. மே 24-இல் இரண்டு பக்கமும் ஒன்பது மணி நேரம் சண்டையை நிறுத்தி ஆன்சாக் பகுதியில் பிணங்களைப் புதைத்தார்கள்.

தண்ணீர் இன்னும் கொடுமை. ஆன்சாக் பகுதிக்கான குடிநீரில் பெரும்பங்கு எகிப்திலிருந்து கப்பலில் வந்தது, பிறகு கழுதை முதுகில் மேலே ஏறியது. குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நம் மாவட்டத்துத் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நவம்பர் கடைசியில் நேர்மாறு. புயல்மழையில் சுவ்லாவின் பதுங்குகுழிகளில் ஆட்கள் மூழ்கினார்கள், அடுத்து வந்த பனியில் உறைந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோருக்குக் கால் விறைத்தது.

எதிரிக்குத் தெரியாம அத்தனை பேரும் எப்படித் தப்பிச்சாங்க?

மொத்தப் படையெடுப்பிலும் சரியாக நடந்த காரியம் இதுதான். 1915 டிசம்பர் 20-க்குள் ஆன்சாக், சுவ்லா இரண்டும், 1916 ஜனவரி 9-க்குள் ஹெல்லஸும் காலியாயின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இரவுகளில் போனார்கள், உயிர்ச்சேதம் கிட்டத்தட்ட இல்லை. முன்பே சில இரவுகள் வேண்டுமென்றே சுடாமல் அமைதி காத்து, அமைதி சகஜம் என்று எதிரியைப் பழக்கினார்கள். காலில் சாக்குத்துணி சுற்றி நடந்தார்கள். கடைசியாகப் போனவர்கள் துப்பாக்கி விசையில் தகர டப்பாவைக் கட்டி, மேலே இன்னொரு டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டவிட்டார்கள். எடை கூடியதும் துப்பாக்கி தானாகச் சுடும்.

தோத்த சண்டையை ஆஸ்திரேலியாக்காரங்க எதுக்கு வருஷா வருஷம் அனுசரிக்கறாங்க?

ஏப்ரல் 25 ஆன்சாக் தினம். அது வெற்றி விழா இல்லை, இறந்தவர்களுக்கான நாள். 1901-இல்தான் ஒன்றான நாடு, முதல்முறை தன் பெயரில் போன பெரும்போர், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் திரும்பவில்லை. நியூசிலாந்து சின்ன நாடு, அதற்கு 2,700-க்கும் மேல். நம் நாட்டு இழப்பை மேலே பார்த்தீர்கள். மொத்தத்தில் நேச நாடுகளில், அதாவது பிரிட்டன், பிரான்ஸ், அவற்றோடு வந்த படைகளில், 44,000-க்கும் மேல், துருக்கியில் 86,000-க்கும் மேல் இறந்தார்கள். வென்ற பக்கம்தான் அதிகம் புதைத்தது.

எல்லாத்துக்கும் சர்ச்சில்தான் காரணமா?

பதவி போனது அவருக்குத்தான். 1915 மே மாதம் கடற்படைப் பொறுப்பை இழந்தார். கப்பல் போதும் என்று வற்புறுத்தியது அவர் தவறு. ஆனால் போர்க் குழு ஒப்புக்கொண்டது, போர் அமைச்சர் கிச்சனர் படையைத் தயங்கித் தயங்கித் துண்டாக அனுப்பினார், ஹாமில்டன் களத்திலிருந்த தளபதிகளை முடுக்கவில்லை. இவை எல்லாவற்றையும்விட எதிரியைக் குறைத்து எண்ணியதையே நான் பெரிய காரணம் என்பேன். துருக்கியர் தங்கள் சொந்த மண்ணில், தங்கள் வீட்டு வாசலில் நின்று போராடினார்கள். அங்கே எழுந்து வந்த கெமால்தான் 1923-இல் துருக்கிக் குடியரசின் முதல் தலைவரானார்.

இப்போ ஏவுகணை, விமானம் எல்லாம் வந்தாச்சு. இன்னும் அந்த நீரிணைக்கு மதிப்பு இருக்கா?

இருக்கிறது. 1936 மாண்ட்ரூ உடன்படிக்கைப்படி சமாதான காலத்தில் வணிகக் கப்பல்கள் தாராளமாகப் போகலாம், போர்க்கப்பல்களுக்குக் கட்டுப்பாடு. கருங்கடல் கரையில்லாத நாடுகளின் போர்க்கப்பல்கள் அங்கே 21 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. 2022-இல் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்ததும் துருக்கி இந்த உடன்படிக்கையை வைத்துத்தான் போர்க்கப்பல்களுக்கு வழியை மூடியது.

அதே 2022-இல், மார்ச் 18-ஆம் தேதி, நீரிணைக்கு மேலே ‘1915 சானக்கலே பாலம்’ திறக்கப்பட்டது. கோபுரத்துக்குக் கோபுரம் 2,023 மீட்டர், குடியரசின் நூற்றாண்டைக் குறிக்க. கோபுர உயரம் 318 மீட்டர், மூன்றாம் மாதம் 18-ஆம் தேதியைக் குறிக்க. செர்க்சஸ் படகு கட்டிக் கடந்த நீரை இப்போது லாரிகள் சில நிமிடத்தில் கடக்கின்றன.

அங்க போனா நம்ம சிப்பாய்ங்க பேரு எங்கயாவது இருக்குமா தம்பி?

அதே பெரியவர், புறப்படும்போது கேட்டது. இருக்கிறது ஐயா. தீபகற்பத்தின் தென்முனையில், டார்டனெல்ஸுக்குள் நுழையும் கப்பல்கள் எல்லாம் பார்க்கும்படி, ஹெல்லஸ் நினைவுத்தூண் முப்பது மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. தனிக் கல்லறை இல்லாத இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் நடுவில் சீக்கியர், கூர்க்கா, பஞ்சாபி முஸ்லிம்கள், கழுதை ஓட்டியவர்கள், பீரங்கி சுமந்தவர்கள் பெயர்களும் உண்டு.